பச்சை நிறத்தில் காட்டப்பட்ட எங்கள் வட்டாரம்: மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும்,

ஆகஸ்டு மாத ஆய்வுக் கூட்டத்தில் திரையில் காட்டிய வரைபடத்தில் எங்கள் வட்டாரம் பச்சை நிறத்தில் இருந்தது. வரும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே டெங்கு பரவ வாய்ப்புக் குறைவு என்று கணினிக் கணிப்பு சொல்வதாக அதற்குப் பொருள். அடுத்த வாரமே, வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்த்துக்கொண்டிருந்த 20 மஸ்தூர் பணியாளர்களில் 12 பேர் நகரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மீதமுள்ள 8 பேர் ஒரு பேரூராட்சியையும் 31 ஊராட்சிகளையும் பார்த்தாக வேண்டும். செப்டம்பர் பிறந்துவிட்டது. மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன.

நான் 33 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் 18 ஆண்டுகள் இதே வட்டாரத்தில்தான் கழிந்தன. இந்த முடிவைத் திரும்பப் பெறுமாறு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். கடந்த ஆண்டுகளில் எங்கள் வட்டாரத்தில் பாதிப்பு மிகக் குறைவு என்றும், கணிப்பின் அடிப்படையில் பணியாளர்கள் பிரித்து அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த இரண்டு வரிகளையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன நவம்பரில் எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் விரலில் குத்தி ரத்தம் எடுத்து அட்டைப் பரிசோதனை செய்தார்கள். அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன. ஒரு சீட்டில் டெங்கு என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று அவள் அம்மா என்னிடம் கேட்டார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம் தொடங்கும் நேரம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. அன்று இரவே 45 கிலோமீட்டர் தள்ளி நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்தாள். பிழைத்தாள். அம்மாவின் தோடு அடகுக்கடையில் இருக்கிறது, அது வேறு கதை.

ஆஸ்பத்திரிச் சேர்க்கைச் சீட்டில் உள்ளூர் முகவரி கேட்டார்கள். நகரத்தில் இருக்கும் அவள் அத்தை வீட்டு முகவரியைத் தகப்பனார் சொன்னார். அங்கே ஆய்வகத்தில் செய்த எலைசா என்ற ரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. நோயாளி பட்டியலில் ஏறினாள், நகரத்துக் கணக்கில். மறுநாளே மஸ்தூர்கள் அத்தை வீட்டுத் தெருவுக்குப் போய்ப் புகையடித்தார்கள். அந்தப் பிள்ளையைக் கடித்த கொசு பிறந்த தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. நானே டார்ச் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் 40 வீடுகளைப் பார்த்தேன். 13 வீடுகளில் புழு இருந்தது. மாவட்டப் பதிவேட்டில் அந்த மாதம் எங்கள் ஊருக்கு எதிரே இருந்தது பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைத்தான் உங்கள் கணினி படித்திருக்கிறது.

கணிப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று அலுவலகத்தில் கேட்டேன். கடந்த 5 ஆண்டுகளில் பதிவான டெங்கு எண்ணிக்கை, மழையளவு, வெப்பநிலை, மக்கள்தொகை ஆகியவற்றைக் கொடுத்தால் அடுத்த நான்கு மாதங்களுக்கான எண்ணிக்கை வரும் என்றார்கள். மழையளவைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. பதிவான எண்ணிக்கை என்று சொல்கிறீர்களே, அது எங்கள் பகுதியில் எதை அளக்கிறது? எங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எலைசா வசதி கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் வண்டி வரும்போது ரத்த மாதிரி போகும். வண்டி வராத நாளில் காய்ச்சலோடு வருகிறவர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். தனியார் கிளினிக்கின் அட்டைப் பரிசோதனையை அரசு வழிகாட்டுதல் கணக்கில் சேர்ப்பதில்லை. அட்டை சில நேரம் தவறாகக் காட்டும் என்பதால் அந்த விதியில் நியாயம் உண்டு. ஆனால் அட்டையில் கோடு விழுந்தவர்களிடம் எலைசாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்க யாரும் போகாதபோது அந்த விதி நோயாளியையே கணக்கிலிருந்து அழித்துவிடுகிறது. நகரத்திலோ ஆய்வகம் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆக, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் அந்த எண், ஆய்வகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே அளந்துகொண்டிருக்கிறது.

இதற்கு மேல் நடப்பது இன்னும் மோசம். பதிவு குறைவு என்பதால் கணிப்பு குறைகிறது. கணிப்பு குறைவதால் ஆட்களைக் குறைக்கிறீர்கள். ஆட்கள் குறைந்தால் தேடுவது குறையும், அடுத்த ஆண்டு பதிவு இன்னும் குறையும், பச்சை இன்னும் அழுத்தமான பச்சையாகும். ஒவ்வோர் ஆண்டும் கணிப்பு பலித்துவிட்டதாகவே கோப்பு சொல்லும்.

இது என் ஊகம் இல்லை. இந்தியாவில் 2006 முதல் 2012 வரை ஆண்டுக்குச் சராசரியாக 20,474 டெங்கு நோயாளிகளே அரசுக் கணக்கில் வந்தார்கள். மதுரை மாவட்டத்தில் நடத்திய கள ஆய்வையும் நிபுணர்களின் மதிப்பீட்டையும் வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, உண்மையில் மருத்துவர்கள் டெங்கு என்று கண்ட நோயாளிகள் ஆண்டுக்குச் சுமார் 57.8 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டது. பதிவானதைப் போல 282 மடங்கு. அந்தப் பெருக்கலை அப்படியே நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதிவுக்கும் நிஜத்துக்கும் இடையே இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது என்று நம் தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றின் தரவே சொல்லிய பிறகும், பதிவை நிஜமாக எடுத்துக்கொண்டு பணியாளர்களைப் பிரித்து அனுப்பலாமா? அறிகுறியே இல்லாமல் தொற்று வந்து போகிறவர்கள் இதற்கு மேல் தனிக் கணக்கு. உலக அளவில் ஆண்டுக்கு 39 கோடி டெங்கு தொற்றுகள் ஏற்படுவதாகவும் அவற்றில் 9.6 கோடியே ஏதாவது ஒரு வகையில் நோயாக வெளிப்படுவதாகவும் 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. படுக்காமல் நடமாடுகிறவர்களும் கொசுவுக்குக் கிருமியைக் கொடுக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது ஓர் அதிகாரி என்னிடம், "உங்கள் ஊரில் உண்மையிலேயே டெங்கு குறைவாக இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அப்படியே வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளாக எங்கள் வட்டாரத்தில் நிஜமாகவே டெங்கு வரவில்லை என்றால், எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. நகரத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கலாம், இங்கே வராதவர்களே அதிகம். பேருந்தில் ஒரே ஒரு நோயாளி வந்து இறங்கினால் போதும், நகரத்தைவிட இங்கே வேகமாகப் பரவும். நோய்ப் பரவல் கணக்கின் முதல் பாடம் இதுதான்: இனி நோய் வர வாய்ப்புள்ளவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணுவது. சிங்கப்பூரைப் பாருங்கள். 1970களிலிருந்து டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைக் கடுமையாக ஒழித்து, புழு இருக்கும் வீடுகளை நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நோய் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது. பிறகு அதே குறைந்த கொசு இருக்கும்போதே 1990களில் டெங்கு திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது.

ஆக, எங்கள் வட்டாரத்தின் குறைந்த எண்ணிக்கை பொய்யென்றால் கணிப்பு பொய். அந்த எண்ணிக்கை மெய்யென்றால் எங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இரண்டில் எதுவானாலும் 12 பேரை எங்களிடமிருந்து நகரத்துக்கு மாற்றியதற்குக் காரணம் ஆகாது. இந்த ஒன்றுக்கு மட்டுமாவது நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன்.

எண்ணிக்கை கூடினால் உடனே ஆட்களை அனுப்புவோம் என்று பதிலில் இல்லாவிட்டாலும் வாய்மொழியாகச் சொன்னார்கள். காலக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. அக்டோபர் மழையில் நனைந்ததும் பொரிக்கும். புழு கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள். அந்தக் கொசு நோயாளி ஒருவரைக் கடித்த பிறகு அதன் உடம்புக்குள் கிருமி பெருகி எச்சிலுக்கு வர 8 முதல் 12 நாள். அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர பெரும்பாலும் 4 முதல் 7 நாள். அவர் மூன்று நாள் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவார். ரத்தம் வண்டிக்குக் காத்திருக்கும், முடிவு வரும், பதிவேட்டில் ஏறும். உங்கள் மேசைக்கு வரும் முதல் எண், ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முந்தைய கொசுவின் கதை. அந்த ஒரு மாதத்தில் கொசு எத்தனை தலைமுறை கண்டிருக்கும்! எண்ணிக்கை கூடிய பிறகு அனுப்பப்படும் பணியாளர் செய்வதெல்லாம் புகையடிப்பதுதான். புகை அன்றைக்குப் பறக்கும் கொசுவைக் கொல்லும், தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

இந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்தித் தரக்கூடியவர்கள் மஸ்தூர்கள்தான். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டின் பின்கட்டு. எட்டு நாளைக்கு ஒருமுறை குடிநீர் வருகிற ஊர் என்பதால் இடுப்புயரச் சிமெண்டுத் தொட்டி, இரண்டு நீல டிரம், ஏழெட்டுக் குடம். பணியாளர் குனிந்து டார்ச் வெளிச்சத்தை நீருக்குள் சாய்த்து அடிக்கிறார். ஒரு நொடி ஒன்றும் தெரியாது. பிறகு நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். வீட்டுக்கார அம்மாவை அழைத்துக் காட்டினால் முகம் மாறிவிடும். தண்ணீரைக் கொட்டச் சொன்னால் மட்டும் மாட்டார், எட்டு நாள் தண்ணீர் அல்லவா? துணி போட்டு வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டிச் சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வைத்து, மூடி போடச் சொல்லி, முடியாத இடத்தில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிவிட்டு வர வேண்டும். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். பிறகு கொல்லையில் டயர், சிரட்டை, உடைந்த ஆட்டுக்கல், உள்ளே போய் பிரிட்ஜின் பின்தட்டு. ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒருவர் ஒரு நாளைக்கு 50 வீடு பார்த்தால் அதிகம். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு, எத்தனை பாத்திரத்தில் புழு என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும் நோட்டு, நோயாளி எண்ணிக்கைக்கு வாரங்கள் முன்னால் பேசக்கூடியது. உங்கள் கணிப்பில் அந்த நோட்டுக்கு இடமே இல்லை என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இடம் இல்லாதது மட்டுமா, அந்தக் கணிப்பே நோட்டு எழுதுகிறவர்களை ஊரைவிட்டு அனுப்பிவிட்டது.

கணிதத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்தத் தொழிலுக்குக் கணிதத்தைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ரொனால்டு ராஸ். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டவர் அவர்தான். கடைசிக் கொசுவரைக் கொன்றாக வேண்டியதில்லை, ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானே அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். களப்பணியாளனுக்கு இதைவிடத் தெம்பு தரும் கணக்கு வேறில்லை. அவர் வழியில் வந்த மக்கென்றிக், ஆங்கிலேயர் கால இந்திய மருத்துவப் பணியில், இமாசல மலையிலுள்ள கசௌலியில் வேலை பார்த்தவர். அவரும் கெர்மாக்கும் 1927இல் வெளியிட்ட கட்டுரையே இன்றைய நோய்ப் பரவல் கணித மாதிரிகளுக்குத் தாய். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட எண்கள் நம் பம்பாயின் எண்கள்: 1905-06இல் பிளேக்கில் வாராவாரம் இறந்தவர்கள். அவர்கள் வரைந்த கோடு அந்தப் புள்ளிகள்மேல் அழகாகப் பொருந்தியது. இருந்தும், தாங்கள் வைத்துக்கொண்ட அனுமானங்களில் எதுவுமே முழுமையாக உண்மையில்லை, இது மிகத் தோராயமான கணக்குதான் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார்கள். பிளேக் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் சார்ந்த நோய். பம்பாயில் 1896இல் தொடங்கி ஆண்டுதோறும் பருவம் பார்த்து வந்துகொண்டிருந்தது. ஓர் ஆண்டின் புள்ளிகள்மேல் பொருந்திய கோடு மறு ஆண்டைச் சொல்லிவிடாது என்பதை அந்தக் கணிதத்தை உண்டாக்கியவர்களே உணர்ந்து அடக்கமாக எழுதினார்கள். உங்கள் கூட்டத்தில் காட்டிய வரைபடத்தில் அந்த அடக்கம் இல்லை. அனுமானம் என்ன என்று ஒரு வரி இல்லை. எண்ணிக்கைக்கு மேலும் கீழும் எவ்வளவு தவறலாம் என்பது இல்லை. மூன்று நிறங்கள் மட்டும் இருந்தன.

நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லோரும் அண்மையில்தான் பார்த்தோம். 2020 அக்டோபரில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த நிபுணர் குழு, கொரோனா செப்டம்பரிலேயே உச்சத்தைக் கடந்துவிட்டது, பாதுகாப்பு நடைமுறைகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றது. "தொடர்ந்தால்" என்ற சொல் எங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை. "பிப்ரவரி" மட்டும் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நாடு முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஐந்தில் ஒருவருக்குத்தான் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. அதாவது ஐந்தில் நான்கு பேருக்கு வரவில்லை. கள அளவீடு இப்படிச் சொல்லியும் நம்பிக்கைதான் வென்றது. 2021 மார்ச்சில் நான் பொறுப்பில் இருந்த சிகிச்சை மையத்தில் கட்டில்களை மடித்துக் குடோனில் அடுக்கினோம். தற்காலிகச் செவிலியர்களை அனுப்பிவைத்தோம். மே முதல் வாரத்தில் நாட்டில் ஒரு நாளைக்கு 4 லட்சத்துக்கும் மேல் புதிய நோயாளிகள். அதே கட்டில்களை இரவோடு இரவாக இறக்கினேன். கட்டிலுக்குக் காத்திருந்து ஆம்புலன்சிலேயே போனவர்களின் பெயர்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. உருமாறிய கிருமியை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்பதை அறிவேன். தவறிவிடலாம் என்று எண்ணிக் கட்டில்களையாவது விட்டுவைத்திருக்கலாம்.

இதே பெருந்தொற்றில் கணக்கு நல்ல வேலையும் செய்தது. 2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, எதுவுமே செய்யாமல் இருந்தால் பிரிட்டனில் 5.1 லட்சம் பேர் இறக்கலாம் என்று அறிக்கை தந்தது. ஒரு வாரத்தில் அந்த நாடு முடங்கியது. பிறகு அத்தனை பேர் சாகவில்லையே, கணிப்பு பொய்தானே என்று பலர் கேட்டார்கள். எதுவும் செய்யாவிட்டால் என்பதுதான் அதன் நிபந்தனை. செய்தார்கள், தாமதமாகவேனும் செய்தார்கள். எச்சரித்ததால் நடக்காமல் போன ஒன்றை எச்சரிக்கையின் தவறாக எழுதக் கூடாது. எங்கள் வட்டாரத்தில் ஏதோ ஓர் ஆண்டு டெங்கு நிஜமாகக் குறைந்திருந்தால் அதற்கும் இதே விளக்கம் பொருந்தும். மஸ்தூர்கள் தொட்டி தேய்த்ததால் குறைந்ததை, தொட்டி தேய்க்கத் தேவையில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

களத்திலிருந்து நேர்மையாக எழுதி வந்த தரவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 2020இல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 கொரோனா நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்த பட்டியல்களை வைத்து எழுதப்பட்ட ஆய்வை உலகமே படித்தது. நோயாளிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் தங்களோடு பழகியவர்களில் ஒருவருக்குக்கூடப் பரப்பவில்லை, ஒரு சிலரிடமிருந்தே மிகப் பலருக்குப் பரவியது என்று அது காட்டியது. வெயிலில் வீடு வீடாக நின்று பெயர், வயது, எந்த நாள் எங்கே சந்தித்தார் என்று எழுதிய ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களில் நானும் ஒருவன். என் நோட்டில் இருந்த தெருக்களும் அந்த ஐந்தே முக்கால் லட்சத்துக்குள் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது. 1939இலேயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அதன் பலம் இந்தக் கடைநிலைப் பணியாளர்கள்தான். அவர்களைக் குறைத்துவிட்டுக் கணினியை வாங்குவது கண்ணைக் குத்திக்கொண்டு கண்ணாடி வாங்குவது போல.

ஆட்கள் குறைவு, எங்கே அனுப்புவது என்று ஏதாவது ஒன்றை வைத்து முடிவு செய்தாக வேண்டும் என்பீர்கள். உண்மை. நகரத்துக்கு ஆட்கள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எண்களை வெளியிட்டால் மக்கள் பீதி அடைவார்கள் என்றும் சொல்கிறார்கள். 2017இல் நம் மாநிலத்தில் 23,294 பேருக்கு டெங்கு வந்து 65 பேர் இறந்ததாக அரசே கணக்குக் கொடுத்தது. ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் ஊர்களில் பேசப்பட்ட பெயர் மர்மக் காய்ச்சல். பீதியைக் கிளப்பியது அந்தப் பெயர்தான். அதே ஆண்டில் இலங்கையில் 1,86,101 பேருக்கு டெங்கு. அங்கே கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் மாவட்டம் வாரியாக எண்ணிக்கையை யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது, யாழ்ப்பாணத்தில் எத்தனை, மட்டக்களப்பில் எத்தனை என்று இங்கிருந்தே என்னால் படிக்க முடிகிறது. கேரளம் நாள்தோறும் மாவட்டக் கணக்கு தருகிறது. என் சொந்த ஊரில் போன வாரம் எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

எனவே கேட்கிறேன். மாற்றப்பட்ட 12 மஸ்தூர்களையும் செப்டம்பர் 20க்குள் எங்கள் வட்டாரத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். நகரத்துக்குக் கூடுதல் ஆட்கள் வேண்டுமென்றால் பருவமழைக் காலத்துக்குத் தினக்கூலியில் புதிதாக எடுங்கள்.

மாவட்டத்தின் எந்த ஆஸ்பத்திரியில் டெங்கு உறுதியானாலும், காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய 14 நாள் நோயாளி எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டு எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். நோயாளி அந்த ஊரின் கணக்கில் ஏற வேண்டும், மஸ்தூர்களும் அந்த ஊருக்கே போக வேண்டும்.

ரத்த மாதிரி வண்டி அக்டோபர் முதல் ஜனவரிவரை ஞாயிறு தவிர எல்லா நாளும் வர ஏற்பாடு செய்யுங்கள். தனியார் கிளினிக்கில் அட்டைப் பரிசோதனையில் கோடு விழுந்த ஒவ்வொருவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்து, மறுநாளே எலைசாவுக்கு ரத்தம் எடுங்கள். இத்தனை பேருக்கு டெங்கு என்று எழுதும் இடத்தில் இத்தனை பேரைப் பரிசோதித்ததில் என்பதையும் எழுதுங்கள். போதிய பரிசோதனை நடக்காத வட்டாரத்துக்குப் பச்சை பூசாதீர்கள். தெரியாது என்பதற்குச் சாம்பல் நிறம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பை எந்த நிறுவனம் செய்திருந்தாலும், அது எடுத்துக்கொண்ட அனுமானங்கள், எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை தவறலாம் என்பது, போன ஆண்டு அது சொன்னதும் உண்மையில் நடந்ததும் ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் வெளியிடச் செய்யுங்கள். போன ஆண்டுக் கணிப்பு வட்டாரம் வட்டாரமாக எப்படித் தேறியது என்று பார்க்காமல் இந்த ஆண்டு அதை வைத்து ஒரு பணியாளரைக்கூட நகர்த்தாதீர்கள். மஸ்தூர்களின் புழுக் கணக்கையும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் தினசரிக் காய்ச்சல் எண்ணிக்கையையும் அந்தக் கணிப்புக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். வட்டார வாரியான எண்ணிக்கையை, நோயாளிகளின் பெயர் இல்லாமல், வாரம் ஒருமுறை ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்குக் குடிநீர் வழங்கும் துறையையும் அழையுங்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும்வரை அந்தச் சிமெண்டுத் தொட்டிகளை யாராலும் காலி செய்ய முடியாது. எங்கள் வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் எட்டு மஸ்தூர்களில் இரண்டு பேரையாவது அவர்களுடைய நோட்டுகளோடு அதே கூட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் பேசும்போது நானும் இருக்க அனுமதி கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்குச் செப்டம்பர் 15க்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்